வடக்கு பார்த்த ஆறு தகடுகள்

போன வாரம் கூடுவாஞ்சேரியில் ஒரு மொட்டை மாடியில் நின்று உங்களில் ஒருவரைப் பார்த்துக் கத்தினேன். ஓய்வு பெற்ற மனிதரை ஏதோ மரியாதைக்கு வகுப்பெடுக்கக் கூப்பிட்டால் இப்படியா என்று மற்றவர்கள் முகம் சுருங்கியதையும் பார்த்தேன். அதற்காக வருத்தம் தெரிவிக்க இதை எழுதவில்லை. ஏன் கத்தினேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்த மாடியில் சோலார் பேனல்களைத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுகிற மூலையில் பொருத்தியிருந்தார்கள். நல்ல வெயில் விழும் இடம் பக்கத்திலேயே காலியாகக் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். "வீட்டுக்காரருக்கு வாசல்லேர்ந்து பார்த்தா பேனல் தெரியக் கூடாதாம் சார். அவரே கேட்டது. மீட்டர் ஓடுது, ரிப்போர்ட்ல கையெழுத்தும் போட்டாச்சு" என்று பதில் வந்தது.

மீட்டர் ஓடுகிறது, கையெழுத்துப் போட்டாச்சு. இதே இரண்டையும் நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்கு உங்கள் வயதுதான்.

வகுப்புகளில் நீங்கள் என்னிடம் கேட்பதெல்லாம் அந்தக் காலத்து அதிசயம். கம்ப்யூட்டர் இல்லாமல் எப்படிக் கணக்குப் போட்டீர்கள், கிரேன் இல்லாமல் எப்படி ஏற்றினீர்கள் என்று கேட்கிறீர்கள். அதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். கடப்பாக்கத்துப் பக்கத்தில் இருந்த மீனவர் குப்பத்தைப் பற்றி மட்டும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று சொன்னால் சிரிக்கிற காலம். அப்படி எடுத்துப் பார்க்கும் ஒரு சோதனைத் திட்டத்தில் நான் தொழில்நுட்ப உதவியாளன். செங்கல்பட்டில் ஒரு பழைய வீட்டின் முன்பகுதிதான் எங்கள் ஆபீஸ். என்னிடம் டிப்ளமோ இருந்தது. என் அப்பா அடுத்தவர் நிலத்தில் நட்டு, அடுத்தவர் களத்தில் அடித்து, கூலியைத் துண்டில் முடிந்துகொண்டு வந்தவர். எங்கள் தெருவிலேயே ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது. அந்த ஒரு வருஷம் எப்படிக் கழியும் என்று என்னைவிட என் அம்மாதான் அதிகமாகக் கவலைப்பட்டாள்.

திட்ட அதிகாரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் கெட்டிக்காரர். பாட்டரியில் அமிலத்தின் அடர்த்தியை அளப்பது, உப்புக்காற்றில் கம்பி முனை அரிக்காமல் பார்த்துக்கொள்வது, சூரியன் எந்த மாதம் வானத்தில் எங்கே நிற்கும் என்று கிராஃப் தாளில் வரைவது எல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவை. என் ஊர்ப் பெயரைச் சொன்னதும் அதில் எந்தத் தெரு என்று கேட்காத முதல் அதிகாரி அவர்தான். அவர் முட்டாளாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருஷம் இத்தனை கோபம் இருந்திருக்காது.

அந்தக் குப்பத்தில் அப்போது மின்சாரம் கிடையாது. மீனவர் சங்கத்துக்கு ஒரே ஒரு அறை கொண்ட கட்டடம் இருந்தது. ஊரில் காங்கிரீட் கூரை அதற்கு மட்டும்தான். உள்ளே ஒரு ரேடியோ, அதோடு சேர்த்த ஒலிபெருக்கி. சாயங்காலச் செய்தியில் கடல் நிலவரம் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் மறுநாள் விடியலில் மரம் தள்ளுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். கட்டுமரத்தை அவர்கள் மரம் என்றுதான் சொல்வார்கள். ரேடியோவின் பாட்டரியை சைக்கிளில் வைத்து வெளியூர் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். பாதி நாள் அது தீர்ந்து கிடக்கும். அந்த நாட்களில் யாராவது ஒருவர் மெயின் ரோட்டு டீக்கடைவரை நடந்து போய்ச் செய்தி கேட்டு வருவார்.

அந்த நடையை இல்லாமல் ஆக்கத்தான் நாங்கள் போனோம். ஆறு சூரியத் தகடுகள். ஒவ்வொன்றிலும் நீல வில்லைகள் வட்ட வட்டமாக, அப்பளம் காயப்போட்டது போல இருக்கும். சங்கத்துக் கூரைமேல் இரும்புச் சட்டம் அடித்து, தெற்கே பார்த்து, லேசாகச் சாய்த்து வைத்தேன். நம்முடைய ஊருக்கு அதுதான் சரி. உங்களுக்கே தெரியும்.

ரேடியோ அறையின் சாவி கன்னியம்மாவிடம் இருந்தது. நாற்பது வயதிருக்கும். காலையில் கூடையோடு பஸ் ஏறிப் போய் மீன் விற்றுவிட்டு மத்தியானத்துக்குமேல் திரும்பிவிடுவார். எந்த ஸ்டேஷன் வைப்பது என்று ஆண்கள் தினமும் சண்டை போட்டதால் சங்கத்தார் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டார்களாம். அவரிடம் யாரும் சண்டைக்குப் போக மாட்டார்கள்.

"இன்னாப்பா, இதுக்குத் தண்ணி ஊத்தணுமா, எண்ணெ ஊத்தணுமா?" என்று முதல் நாள் கேட்டார்.

"ஒண்ணும் வேணாங்க. வெயில் பட்டா போதும்."

"வெயிலுக்கா இங்க பஞ்சம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திறப்பு விழாவுக்கு டெல்லியிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. முதல் நாள் மத்தியானம் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். மெயின் ரோட்டிலிருந்து கடலுக்கு வரும் மண்பாதை சங்கக் கட்டடத்துக்கு வடக்கே போகிறது. கட்டடத்தின் வாசலும் வடக்கு. பந்தலும் அந்தப் பக்கம்தான் போட்டிருந்தார்கள். அதிகாரி பந்தலில் நின்று மேலே பார்த்தார்.

"தேவராஜ், இங்கேர்ந்து பார்த்தா வெறும் இரும்புச் சட்டம்தான் தெரியுது. பேனல் எங்கே?"

"தெற்கே பாத்துருக்கு சார்."

"வர்றவங்க ஏணியில ஏறிப் பார்ப்பாங்களா? போட்டோல என்ன விழும்? இந்தப் பக்கம் திருப்பு. நல்லா நிமித்தி வை, போர்டு மாதிரி தெரியணும்."

அவர் கற்றுக்கொடுத்த கிராஃப் என் பையிலேயே இருந்தது. "சார், இப்ப வைகாசி, சூரியன் வடக்க சாஞ்சிருக்கு. ஐப்பசி, கார்த்திகையில தெற்க போயிடும். அப்ப வெயில் பேனலுக்குப் பின்னால விழும் சார்" என்றேன்.

"ஐப்பசிக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. விழா முடியட்டும், திருப்பிக்கலாம். எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியும் என்பதுதான் விஷயம். நான் திருப்பினேன். பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று சட்டத்தின் கால்களைச் சுற்றி சிமெண்டும் பூசச் சொன்னார். பூசினோம். பிறகு கையெழுத்துப் போட ஒரு சான்றிதழ் கொடுத்தார். தகடுகளின் திசையும் சாய்வும் விதிப்படி இருக்கின்றன என்று அதில் ஒரு வரி. நான் அந்த வரியில் பேனாவை நிறுத்தினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தேன், முள் நன்றாகவே நின்றது. வைகாசி வெயிலில் வடக்கே பார்த்தாலும் ஓரளவு நிற்கும். மீட்டர் ஓடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். அழுத்தம் என்றால் மேஜையில் குத்துகிற மாதிரி ஏதோ வரும் என்று நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

விழா நன்றாக நடந்தது. போட்டோவும் நன்றாக விழுந்தது. ஆனியில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை திருப்பலாமா சார் என்று கேட்டேன். இன்னொரு குழு வரப்போகிறது, கொஞ்சம் பொறு என்றார். மூன்றாவது முறை நான் கேட்கவில்லை. கேட்டால் முகம் மாறும், முகம் மாறினால் வேலை நிரந்தரமாகிற நேரத்தில் அது ஞாபகத்தில் இருக்கும் என்று பயந்தேன். இந்தப் பயத்துக்கு அந்தக் காலத்தில் நான் வைத்திருந்த பெயர் பொறுமை.

ஐப்பசி பிறந்த சில நாளில் கன்னியம்மா செங்கல்பட்டு ஆபீசுக்கே வந்துவிட்டார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கூடையை வாசலில் வைத்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தார்.

"ஏன்பா, ரேடியோ பேஜாரு பண்ணுது. மொதல்ல நாலு மணிக்குப் போட்டா ராத்திரி வரைக்கும் கத்தும். இப்ப செய்தி முடியறதுக்குள்ள முனகுது. கொரலே வர மாட்டேங்குது."

"பாட்டு நெறைய வெக்கறீங்களா?"

"பாட்டா? புரட்டாசிலேர்ந்து செய்திக்கு மட்டுந்தான் தொறக்கறேன். எத்தினி நேரம் பாடுச்சின்னு தெனமும் செவுத்துல கரியால கோடு போட்டுகினு வர்றேன். வந்து பாரு. கோடு குட்டையாயிகினே வருது."

கதவு திறந்திருந்தது. உள்ளே அதிகாரி இருந்தார். எனக்கு என்ன பதில் என்று தெரியும். ஒரே ஒரு வாக்கியம். "தகடு தப்பான பக்கம் பாக்குது." அதைச் சொல்லாமல், "மழைக்காலங்க. மேகம் இருந்தா கொஞ்சம் கம்மியாத்தான் ஏறும். வெயில் வந்தா சரியாயிடும்" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மேகமா?" என்றார். "ஆமாங்க" என்றேன். "சரி, நீ படிச்சவன், சொன்னா சரிதான்" என்று கூடையை எடுத்துக்கொண்டார்.

அன்று அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். அவர்கள் பழையபடி டீக்கடைக்கு ஆள் அனுப்பியிருப்பார்கள். எங்கள் தகடுகள் வந்ததால் அந்த வழக்கம் நின்று போயிருந்தது. கருவி ஒழுங்காக இல்லை என்றால், இல்லை என்று சொல்லிவிட்டாலே பாதி ஆபத்து போய்விடும். இருக்கிறது என்று நம்பவைத்துவிட்டு இல்லாமல் போவதுதான் ஆளைக் கொல்லும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

ஐப்பசி கடைசியில் மாதாந்திரச் சோதனைக்கு நான் குப்பத்துக்குப் போக வேண்டியிருந்தது. மதுராந்தகம் தாண்டும்போதே காற்று பஸ்ஸை ஆட்டியது. கடப்பாக்கத்தில் இறங்கி மண்பாதையில் நடந்தபோது குடை ஒடிந்துபோனது. காலை ஒன்பது, ஒன்பதரை இருக்கும். குப்பமே கரையில் நின்றிருந்தது. பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கடலையே பார்த்தபடி நின்றார்கள். யாரும் அழவில்லை. அந்தச் சத்தமில்லாமைதான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

கன்னியம்மா என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"அஞ்சு மரம் போயிருக்குது" என்றார். "எந்தம்பி தேசிங்கும் போயிருக்கான்."

"செய்தி கேக்கலியா?"

"கேட்டோம். செய்தி வந்துது. வங்கக் கடல்லன்னு ஒரு வார்த்த சொன்னான். அத்தோட கம்முனு ஆயிடுச்சி. தட்டிப் பாத்தேன், திருப்பிப் பாத்தேன். ஒண்ணும் வரல. தேசிங்கு சொன்னான், தெனமும்தான் வங்கக் கடல்லன்னு சொல்றான், மழ பெய்யும்பான், போலாம் வான்னுட்டான். பாதிப் பேரு வேணாம்னு நின்னுட்டாங்க. இவன் போயிட்டான்."

சங்க அறைக்குப் போனேன். பாட்டரியில் அளவுமானியை விட்டுப் பார்த்தேன். மிதவை அடியில் போய் உட்கார்ந்தது, பாட்டரியில் சார்ஜே இல்லை. சுவரில் கரிக்கோடுகள். புரட்டாசிக் கோடுகள் முழம் முழமாக இருந்தன. ஐப்பசியில் சாண். கடைசிக் கோடு என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. பிறகு நோட்டை எடுத்து எல்லாக் கோடுகளையும் அளந்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன். ஏன் எழுதினேன் என்று அப்போது யோசிக்கவில்லை. கைக்கு வேறு வேலை தெரியவில்லை, அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குள் நான்கு மரங்கள் வந்து சேர்ந்தன. ஆட்களைக் கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தது. ஐந்தாவது மரம் வரவில்லை. அதில் தேசிங்கும் அவனுடைய கூட்டாளி மாணிக்கமும் இருந்தார்கள். மறுநாள் காலை ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் மாணிக்கம் மணலில் கிடந்தான், உயிர் இருந்தது. மரத்தின் ஒரு கட்டையைக் கட்டிப்பிடித்தபடியே ஒதுங்கியிருந்தான். தேசிங்கை மூன்றாம் நாள் கொண்டுவந்தார்கள். முப்பது வயதுகூட இல்லை.

அடக்கத்துக்கு மறுநாள் அதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஹெட் ஆபீஸ்ல கேக்கறாங்க. ரிப்போர்ட் வேணும். ரேடியோவ சினிமாப் பாட்டுக்கு அதிகமா உபயோகப்படுத்தினதால பாட்டரி தீர்ந்துபோச்சுன்னு எழுது. சாவி யார்கிட்ட இருந்துதோ அந்தம்மா பேரையும் போடு."

"அந்தம்மா செய்திக்கு மட்டுந்தான் தொறந்தாங்க சார். தெனமும் குறிச்சு வச்சிருக்காங்க."

"இருக்கட்டும்."

"பேனலத் திருப்பியிருந்தா..."

அவர் கையை உயர்த்தினார். குரலை உயர்த்தவில்லை. "தேவராஜ், போனவன் வரமாட்டான். இந்தத் திட்டம் நின்னுபோச்சுன்னா இந்தக் கரை முழுக்க இருக்கிற மத்த குப்பங்களுக்கு வர வேண்டியதும் வராது. சூரியத் தகடு வேலைக்காகாதுன்னு ஒரே வார்த்தைல மூடிடுவாங்க. ஒரு பொம்பளைக்கு இதுல என்ன தண்டனை வந்துடப் போகுது? பேர்தானே. யோசி."

நேர்மையாகச் சொல்கிறேன், யோசித்தேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. நம் தொழிலில் நீங்கள் சந்திக்கப்போகிற அயோக்கியத்தனம் பெரும்பாலும் இந்த மாதிரிப் பாதி உண்மையோடுதான் வரும். ஆனால், பேர்தானே என்றாரே, அந்த வார்த்தை எனக்குள் எதையோ கிளப்பிவிட்டது. தம்பியைப் புதைத்துவிட்டு வந்தவள்மீது, உன் தம்பியை நீதான் கொன்றாய் என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதி, அதை என் கையெழுத்தால் முடிக்க வேண்டும். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் அது பேர்தானே ஆகிவிடும். என் அப்பாவைப் பற்றி எத்தனை காகிதத்தில் எத்தனை பேர் இப்படி எழுதியிருப்பார்கள் என்று தோன்றியது.

"அந்தம்மா பேர எழுத மாட்டேன் சார்."

"அப்ப யார் பேர எழுதுவே? திசை சரியா இருக்குன்னு சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான் சார். அதத்தான் எழுதப் போறேன்."

அவர் முதல்முறையாக என்னை அடையாளம் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நீ எங்கேர்ந்து வந்தேன்னு மறந்துட்டே" என்றார். இத்தனை நாள் கேட்காமல் இருந்த கேள்வியை அவர் வேறு விதத்தில் கேட்டுவிட்டார். இவரைப் போய் நல்லவர் என்று ஒன்றரை வருஷம் நினைத்தேனே என்று அந்த நிமிஷம் வந்த கோபம் இன்றுவரை தணியவில்லை.

வெளியே வந்து நானே எழுதினேன். தகடுகள் முதலில் தெற்கே பொருத்தப்பட்டன, விழாவுக்காக வடக்கே திருப்பச் சொன்னது அதிகாரி, திருப்பியது நான், தவறு என்று தெரிந்தே சான்றிதழில் கையெழுத்திட்டது நான், புகார் செய்ய வந்த பெண்ணிடம் மேகம் என்று பொய் சொன்னதும் நான். மூன்று பிரதி எடுத்து, ஒன்றை ஹெட் ஆபீசுக்குத் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அப்ப வேல போயிடுமா?" என்று கேட்டாள். போகலாம் என்றேன்.

பத்து நாள் கழித்து இரண்டு பேர் விசாரணைக்கு வந்தார்கள். அவர்களோடு நானும் குப்பத்துக்குப் போனேன். சங்க அறைக்குள் நுழைந்ததும் சுண்ணாம்பு வாசனை. மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள் என்றால் வெள்ளையடிக்கச் சொல்வது அதிகாரியின் வழக்கம். இதை வேண்டுமென்றே செய்தாரா, வழக்கப்படி செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கரிக்கோடு ஒன்றுகூட மிச்சமில்லை.

கன்னியம்மா அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இங்கதான் போட்டு வச்சிருந்தேன்" என்றார். விசாரிக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் நோட்டை எடுத்து நீட்டினேன். அளவுகள் தேதிவாரியாக இருந்தன. பக்கத்துத் தாளில் சூரியன் தெற்கே இறங்கும் கோட்டையும் வரைந்திருந்தேன். இரண்டும் ஒரே மாதிரி இறங்கின. மூத்தவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வெளியே போய் அண்ணாந்து தகடுகளைப் பார்த்தார். சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. தகடுகளின் முகத்தில் வெயில் துளிகூட இல்லை. பிறகு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அறிக்கை மாசியில் வந்தது. இயற்கைச் சீற்றத்தால் நேர்ந்த விபத்து, யார் மீதும் குறை காண இயலாது என்று எழுதியிருந்தார்கள். கன்னியம்மாவின் பெயர் அதில் இல்லை. அது ஒன்றுதான் நான் ஜெயித்தது. தகடுகள் எந்தப் பக்கம் பார்த்திருந்தன என்பதும் அதில் இல்லை. எனக்கு நிரந்தரமாவது இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போனது, மெட்ராசில் ஸ்டோர்ஸுக்கு மாற்றல். அதிகாரிக்குப் பதவி உயர்வு. திட்டம் நிற்கவும் இல்லை. உண்மையைச் சொன்னால் எல்லாம் மூடிவிடும் என்றாரே, எதுவும் மூடவில்லை.

தகடுகள் மட்டும் அப்படியே இருந்தன. திருப்பச் சொல்லி உத்தரவு வரவில்லை. திருப்பினால் தப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். மாற்றலாகிப் போவதற்கு முந்தின நாள், யாரிடமும் கேட்காமல் ஸ்பேனரும் உளியும் சுத்தியலும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கன்னியம்மா சங்க வாசலில் கூடை கழுவிக்கொண்டிருந்தார். மாணிக்கமும் இன்னும் மூன்று பேரும் வலையைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வந்த காரியத்தைச் சொன்னேன். ஏணியை எடுக்கப் போனபோது அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ ஏறாத. எங்காளுங்க ஏறுவாங்க. எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு."

நால்வரும் ஏறினார்கள். சிமெண்டை உடைத்து, சட்டத்தைத் தூக்கித் திருப்பி, தெற்கே பார்க்க வைத்தார்கள். நான் கீழே நின்று இன்னும் கொஞ்சம், போதும், இன்னும் படுக்க வை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கன்னியம்மா என் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"அந்தப் பக்கம்னா இன்னா வித்தியாசம்?" என்று கேட்டார்.

மணலில் ஒரு குச்சியை நட்டு, நிழலைக் காட்டி, சூரியன் ஆறு மாதம் எப்படி வடக்கே வரும், ஆறு மாதம் எப்படித் தெற்கே போகும் என்று விளக்கினேன். ஒரே தடவையில் புரிந்துகொண்டார்.

"இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மொதல்லேர்ந்தே தெரியுங்க."

"ஆபீசுல மேகம்னு சொன்னியே, அன்னிக்கி?"

"அன்னிக்கும் தெரியும்."

அவர் குச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூரையில் சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. மாணிக்கம் மேலேயிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காயிதத்துல எம்பேரு வராம நீதான் பண்ணேன்னு சொன்னாங்க. செரி, நல்ல புள்ள, இவனுக்கும் தெரியாமதான் ஆயிப்போச்சின்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "தெரிஞ்சே தான் சொன்னியா."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி, ஏணியில் இரண்டு படி ஏறி மாணிக்கத்திடம் நீட்டினார்.

"நல்லா இறுக்கிப் போடு. அந்தாளு பஸ்ஸுக்குப் போவணும்."